கண் மேல் கட்டம் நிற்கிறது, படத்தில் கூர்மை இல்லை

ஈரக்காற்று | 6 டிசம்பர் 2025, இரவு 9:42

24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ், 200-600 லென்ஸ். கேமராவே பறவையின் கண்ணைத் தேடிக் கட்டம் போட்டு ஃபோகஸ் செய்யும் பறவைக் கண் கண்டறிதல் போட்டிருக்கிறேன். ஊதாப்பிட்டு தேன்சிட்டு, தையல்சிட்டு, கதிர்க்குருவி மூன்றுக்கும் வியூஃபைண்டரில் கட்டம் கண் மேலேயே நிற்கிறது. கணினியில் திறந்தால் பத்துக்கு ஏழு சொதப்பல். இதே கேமராவில் கொக்கு, நாரை எல்லாம் பளிச்சென்று வருகின்றன. ஷட்டர் 1/500 நொடி, அப்பர்ச்சர் எஃப்/6.3, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஆட்டோ. கண்ணைப் பிடித்த பிறகும் தப்புகிறது என்றால் லென்ஸ் கோளாறுதானே? சர்வீஸுக்குக் கொடுத்துவிடலாமா?

முள்வேலி | 6 டிசம்பர், இரவு 10:31

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.

கட்டம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கண் இந்த இடத்தில் இருக்கிறது. லென்ஸ் அங்கே போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த பிறகு குருவி அசையாமல் இருந்ததா, இடையில் காற்று தெளிவாக இருந்ததா என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். கட்டம் நிறம் மாறினாலும் அந்தக் கணத்துக்குத்தான் அது சாட்சி.

சொதப்பிய படங்களில் இருபதை எடுத்து 100 சதவீதத்தில் திறங்கள். கண்ணை விடுங்கள், காலைப் பாருங்கள். கால் பிடித்திருக்கும் சுள்ளியைப் பாருங்கள். சுள்ளியின் பட்டையும் நகமும் கூர்மையாக இருந்து தலை மட்டும் மெழுகியது போல இருந்தால், குருவி தலையைத் திருப்பியிருக்கிறது. ஷட்டர் வேகம் போதவில்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலை கூர்மையாக இருந்தால், ஃபோகஸ் அங்கே மாட்டிக்கொண்டது. சுள்ளி, குருவி, இலை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். எதுவுமே கூர்மையில்லை, ஓரங்கள் நெளிந்திருக்கின்றன, அடுத்தடுத்த படங்களில் நெளிவு வேறு வேறு மாதிரி என்றால் கானல், அதாவது சூடான காற்றின் அசைவு.

எல்லாப் படத்திலும் ஒரே அளவுக்கு, ஒரே பக்கமாக ஃபோகஸ் தள்ளிப்போயிருந்தால் மட்டும் லென்ஸைச் சந்தேகியுங்கள். மிரர்லெஸ்ஸில் அது அபூர்வம். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸை அளக்கத் தனி சென்சார் இருந்தது; அதற்கும் பட சென்சாருக்கும் ஒத்துப்போகாமல் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்ற சிறு திருத்தம் செய்ய வேண்டிவந்தது. இங்கே படம் விழும் சென்சாரேதான் அளக்கிறது.

முள்வேலி | 7 டிசம்பர், காலை 6:15

கொக்கு வருகிறது, குருவி வரவில்லை என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும்.

தேன்சிட்டு அலகோடு சேர்த்து 10 செ.மீ. 600 மி.மீ. லென்ஸில் 15 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் சென்சாரில் அதன் நீளம் 4 மி.மீ.க்குச் சற்று மேல். 6000 பிக்சல் அகலத்தில் அதற்குக் கிடைப்பது சுமார் 700. கண்ணின் விட்டம் 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 20 பிக்சல். அந்த 20 பிக்சலில் இமை, ஒளிப்புள்ளி, சுற்றியிருக்கும் பொடி இறகு எல்லாம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதே குருவி 6 மீட்டரில் இருந்தால் 11 மி.மீ., சுமார் 1850 பிக்சல், கண்ணுக்கு 55. லென்ஸ் மாற்றிக் கிடைக்காததை ஒன்பது மீட்டர் நெருக்கம் கொடுத்துவிடுகிறது.

ஆனால் 6 மீட்டரில் எஃப்/6.3-க்குக் கூர்மையாக விழும் ஆழம் 4 செ.மீ.க்கும் குறைவு. 4 மீட்டரில் 1.7 செ.மீ. குருவி பக்கவாட்டில் நின்றால் உடம்பு முழுக்க அதற்குள் அடங்கும். நேராக உங்களைப் பார்த்து நின்றால் அலகு நுனி கூர்மை, கண் மங்கல், அல்லது கண் கூர்மை, அலகு நுனி மங்கல். கழுத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் காட்டும் வரை பொறுங்கள். எஃப்/8-க்கு மாற்றினால் 6 மீட்டரில் 5 செ.மீ. கிட்டும், ஒளியில் முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகப் போகும் (ஒரு ஸ்டாப் போனால் ஒளி பாதி). வெயில் நன்றாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

முள்வேலி | 8 டிசம்பர், இரவு 8:50

நேற்றைய கணக்கில் இரண்டு திருத்தம்.

ஒன்று, உள்ளேயே ஃபோகஸ் செய்யும் ஜூம் லென்ஸ்கள் கிட்டத்தில் சொன்ன குவியத்தூரத்தைத் தருவதில்லை. 600 என்று எழுதியிருந்தாலும் 6 மீட்டரில் அதைவிடக் குறைவாகத்தான் வேலை செய்யும். 1850 பிக்சல் என்றது உச்ச வரம்பு. நெருங்கினால் லாபம் என்பது மாறவில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். ஆழக் கணக்கு முழுப் படத்தையும் ஒரு சாதாரண அளவில் பார்ப்பதாக வைத்துப் போட்டது. 15 மீட்டரில் அப்படிப் பார்த்தால் 23 செ.மீ. வருகிறது, கவலையே வேண்டாம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் படத்தை நீங்கள் கால்வாசி அகலத்துக்கு க்ராப் செய்கிறீர்கள். அப்போது அந்த 23 வெறும் 6 ஆகிவிடும். சின்னக் குருவிக்கு க்ராப் இல்லாமல் படமே இல்லை. அதனால் தூரத்தில் நின்றால் ஃபோகஸ் பிழையை மன்னிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஈரக்காற்று | 9 டிசம்பர், இரவு 7:20

இருபதையும் பார்த்தேன். 11 படத்தில் சுள்ளி கூர்மை, தலை இல்லை. 5 படத்தில் முன்னால் இருந்த இலை. மீதி 4 சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பில் காலை பத்து மணிக்கு மேல் எடுத்தவை, எதுவுமே கூர்மையில்லை.

முள்வேலி | 9 டிசம்பர், இரவு 9:05

அப்படியென்றால் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது.

அந்த 11-க்கு மருந்து ஷட்டர். தலை திரும்பும்போது கண் 1/20 நொடியில் 3 செ.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/500-இல் அது 1.2 மி.மீ. நகர்ந்துவிடும். 6 மீட்டரில், உங்கள் சென்சாரில், அது 22 பிக்சல். கண்ணே 55 பிக்சல்தான்! 1/2000-இல் ஐந்தாறு பிக்சலாகக் குறைகிறது. கொக்கு மீனுக்காகச் சிலையாக நிற்கும், அதற்கு 1/500 ஏராளம். தையல்சிட்டு அப்படி நிற்கும் பிறவி இல்லை.

உட்கார்ந்திருக்கும் குருவிக்கு 1/1000-இலிருந்து தொடங்குங்கள், பறப்பதற்கு 1/3200. ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் புள்ளிச் சிதறலை (நொய்ஸ்) மென்பொருளில் குறைக்கலாம், இழுபட்ட கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மேனுவலில் ஷட்டரும் அப்பர்ச்சரும் நிலையாக, ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ. கேமரா கணக்கிட்ட ஒளியைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் ஒரு டயலில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

தகைவிலான் | 10 டிசம்பர், காலை 7:02

தலை மங்கல் என்றால் அசைவு என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? 4 மீட்டரில் தலை காலைவிட 2 செ.மீ. முன்னால் இருந்தாலும் இதேபோலத்தான் தெரியும்.

முள்வேலி | 10 டிசம்பர், காலை 7:30

சரியான கேள்வி. முதல் குறிப்பில் விட்டுவிட்டேன்.

பிரித்தறிய கண்ணில் விழும் ஒளிப்புள்ளி இருக்கிறது. வெயிலில் ஒவ்வொரு குருவியின் கண்ணிலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அது சிறு கோடாகவோ கொக்கி போலவோ இழுபட்டிருந்தால் அசைவு. வட்டமாகவே இருந்து ஊதிப்போயிருந்தால் ஃபோகஸ் தவறு. இரண்டு புள்ளியாகப் பிரிந்திருந்தால் பெரும்பாலும் கை ஆட்டம். ஆட்டத்தடுப்பு நிலைகொள்ளும் முன் ஷட்டரை அழுத்தியிருப்பீர்கள். பட்டனைப் பாதி அழுத்தி அரை நொடி விட்டு எடுங்கள்.

முள்வேலி | 11 டிசம்பர், இரவு 10:10

இலையில் மாட்டிய அந்த 5 படம். சின்னக் குருவிக்கு எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது.

பறவையைக் கண்டறியும் மூளைக்கு முதலில் ஓரளவு தெளிவான உருவம் வேண்டும். லென்ஸ் 2.4 மீட்டரில் கிடந்து, குருவி 8 மீட்டரில் இருந்தால் வியூஃபைண்டரில் தெரிவது வெறும் பச்சைக் கூழ். அதற்குள் பறவை இருப்பது கேமராவுக்குத் தெரியவே தெரியாது. அப்போது பொதுவான ஃபோகஸ் விதிக்குப் போய், கிட்டத்தில் இருப்பதையோ அழுத்தமான கோடு உள்ளதையோ பிடிக்கும். உங்கள் இலை அங்கேதான் வருகிறது.

அதனால் குருவி வருவதற்கு முன்பே, அது வந்து உட்காரும் தூரத்தில் இருக்கும் கிளையில் ஒருமுறை ஃபோகஸ் செய்து வையுங்கள். பிறகு அதிகம் தேட வேண்டியிருக்காது.

இரண்டு பட்டனுக்கு இரண்டு வேலை கொடுங்கள். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்துவிட்டு, பின்பக்கம் ஏஎஃப்-ஆன் என்ற ஃபோகஸ் பட்டனில் முழுப் பரப்பு + பறவைக் கண்டறிதல். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பட்டனில் மிகச் சிறிய புள்ளி, கண்டறிதல் இல்லாமல். புதருக்குள் குருவி தெரிந்ததும் முதலில் சின்னப் புள்ளியை அதன் மார்பில் வைத்து அழுத்துங்கள். உருவம் தெளிந்த கணமே கட்டைவிரலை மற்ற பட்டனுக்கு நகர்த்துங்கள், கண்ணை அது பிடித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் செம்பருத்தி மேல் நூறு முறை பழகினால் விரல் தானாகப் போகும்.

நிக்கானில் பின்பாயின்ட் என்ற மிகச் சிறிய புள்ளி தொடர் ஃபோகஸில் வராது, அதனால் சிங்கிள் பாயின்ட் அல்லது டைனமிக் எஸ். சோனியில் ஸ்பாட் எஸ். கேனானில் ஸ்பாட் ஏஎஃப். அங்கே 'லென்ஸ் டிரைவ் வென் ஏஎஃப் இம்பாசிபிள்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை அணைத்தால் ஃபோகஸ் கிடைக்காதபோது லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடுவது நிற்கும். முன்கூட்டியே ஃபோகஸ் வைத்திருப்பவருக்கு அது பெரிய நிம்மதி.

லென்ஸில் இருக்கும் தூர வரம்பு சுவிட்சையும் பயன்படுத்துங்கள். சோனி 200-600-இல் 10 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை என்று தனி நிலை உண்டு, தோட்டக் குருவிக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். நிக்கான் 180-600-இல் 6 மீட்டருக்கு அப்பால் என்ற வரம்புதான் இருக்கிறது. கிட்டத்தில் எடுக்கப் போனால் அதை முழு வீச்சுக்கு மாற்ற மறக்கக் கூடாது.

தகைவிலான் | 13 டிசம்பர், மாலை 6:48

கோரைக்குள் இருக்கும் சாதாக் கதிர்க்குருவிக்கு இதுவும் எடுபடுவதில்லை. சின்னப் புள்ளியை வைத்தாலும் கோரைத் தாளைத்தான் பிடிக்கிறது.

முள்வேலி | 13 டிசம்பர், இரவு 9:25

கோரைக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான மிரர்லெஸ் சென்சாரில் ஃபோகஸ் அளக்கும் பிக்சல்கள் இடது, வலது என்று ஜோடி சேர்ந்தவை. அதனால் நெட்டுக்கோடுகள் அவற்றுக்கு நன்றாகத் தெரியும், படுக்கைக்கோடுகள் சரியாகத் தெரியாது. கோரை முழுக்க நெட்டுக்கோடு. சாயம்போன பழுப்புக் குருவியைவிட வெயில் பட்ட கோரைத் தாள் பல மடங்கு வலுவான அழைப்பு. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்: தாள்களின் பிடி தளரும், இறக்கை, முதுகின் படுக்கைக்கோடுகள் மேலே வரும். மின்கம்பியில் இருக்கும் பஞ்சுருட்டானுக்கு இதே குணம் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். கம்பி படுக்கை என்பதால் அதில் புள்ளியை வைத்தால் லென்ஸ் தவிக்கும், மார்பில் வையுங்கள். ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1, கேனான் ஆர்1 போன்ற கேமராக்கள் இரண்டு திசையிலும் அளக்கும், அவற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

இன்னொன்றும் செய்யலாம். கதிர்க்குருவி கோரைக்குள்ளேயே இருந்துவிடாது. கத்த வேண்டும் என்றால் தாளின் உச்சிக்கு ஏறும், வாலை ஆட்டி ஆட்டிக் கத்திவிட்டு இறங்கும், பெரும்பாலும் அதே தாளுக்கோ பக்கத்துத் தாளுக்கோ திரும்ப வரும். அந்த உச்சியில் ஃபோகஸை வைத்துக் காத்திருப்பதே நல்ல வழி. உள்ளே இருப்பதை எடுத்தால் முகத்துக்குக் குறுக்கே ஒரு தாள் இருந்தே தீரும்.

முள்வேலி | 14 டிசம்பர், காலை 5:50

11-ஆம் தேதி எழுதியதை எல்லா இடத்துக்கும் பொருத்த வேண்டாம். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுக்குச் சின்னப் புள்ளி இடைஞ்சல். முருங்கைப் பூங்கொத்தில் அது ஒரு நொடியில் மூன்று இடம் மாறும், புள்ளியை அதன் பின்னால் துரத்துவதற்குள் போய்விடும். பின்புலம் தூரத்தில் இருந்து, முன்னால் மறைப்பு இல்லாவிட்டால் முழுப் பரப்பு + கண்டறிதல் நேரடியாகவே நல்லது. புதர் என்றால் புள்ளி, பூ என்றால் முழுப் பரப்பு.

1/1000 என்றதையும் மாற்றிக்கொள்கிறேன். தேன்சிட்டு, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டுக்கு உட்கார்ந்திருந்தாலும் 1/1600. சிறகடித்து ஒரே இடத்தில் நிற்கும் தேன்சிட்டுக்கு 1/4000 போனாலும் சிறகு நுனி மங்கும். அது அழகாகவே இருக்கிறது, விட்டுவிடலாம்.

ஈரக்காற்று | 15 டிசம்பர், இரவு 8:15

ஆண் ஊதா தேன்சிட்டின் கண்ணைக் கேமரா பிடிப்பதே இல்லை. பெண்ணைப் பிடிக்கிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றீர்கள்.

முள்வேலி | 15 டிசம்பர், இரவு 9:40

இரண்டும் ஒரே விஷயம். அந்த ஆணின் ஊதாவும் நீலமும் சாயம் கிடையாது. இறகின் நுண் அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தால் வருவது. வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மின்னும், எதிரே இருந்தால் கரிக்கட்டை. கறுப்புத் தலையில் கறுப்புக் கண், கேமரா எதைப் பார்த்துக் கண்ணைக் கண்டுபிடிக்கும்? வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், +0.7 ஏற்றுங்கள். வானத்தைப் பின்புலமாக வைத்து மேலே பார்த்து எடுத்தால் +1.3 முதல் +2 வரை. இருண்ட நிழலுருவத்தில் கண்டறிதல் தோற்கும், ஒளியைக் கூட்டினால் பல நேரம் உடனே கட்டம் வந்து உட்காரும். பெண்ணின் முகம் மங்கலான மஞ்சள், கண் தனியாகத் தெரிகிறது, அதனால்தான் வேறுபாடு.

முள்வேலி | 17 டிசம்பர், இரவு 10:00

மீதியிருக்கும் 4 படம், பள்ளிக்கரணை.

ரேடியல் ரோடு ஓரம் நின்று சதுப்பைப் பார்த்து எடுக்கும்போது நீங்கள் சூடான தார்ச்சாலைக் காற்றுக்குள் நிற்கிறீர்கள். வெயில் ஏறியதும் அந்தக் காற்று கொதிநீர் போல அசையும். கண்ணுக்குத் தெரியாது, 600 மி.மீ. லென்ஸுக்குத் தெரியும். 30 மீட்டருக்கு அப்பால் இருக்கும் வாலாட்டியின் இறகுக்கோடுகள் நெளிந்து கரைந்துவிடும். ஃபோகஸ் அமைப்பும் அதே நெளிவைப் பார்த்துத்தான் அளக்கிறது, அதனால் அதுவும் தடுமாறும். விலை உயர்ந்த லென்ஸ், புதிய கேமரா எதுவும் இதற்குத் துணை வராது. எட்டு மணிக்குள் முடியுங்கள், இல்லையென்றால் தூரத்தைக் குறையுங்கள். விடியற்காலையிலும் நீர் காற்றைவிடச் சூடாக இருக்கும் நாட்களில் நீர்ப்பரப்புக்கு மேல் இது வரும்.

காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளும் புறமும் வெப்பம் சமமாகும் வரை பொறுக்க வேண்டும். ஜன்னல் வழியே குளிர்காற்றும் வெயில்காற்றும் கலக்கும் இடமே ஒரு மோசமான லென்ஸ். ஏசி அறையிலிருந்து எடுத்த லென்ஸ் சென்னைக் காற்றில் பனிபடரும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

தகைவிலான் | 20 டிசம்பர், மாலை 5:30

கேனான் ஆர்7-இல் எலெக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 ஃப்ரேம் வைத்து எடுத்தால் சிறகு வளைந்து வாழைப்பழம் மாதிரி வருகிறது. கண் கூர்மையாகத்தான் இருக்கிறது.

முள்வேலி | 20 டிசம்பர், இரவு 8:20

அந்த சென்சார் மேலிருந்து கீழாக ஒரு படத்தைப் படித்து முடிக்க ஏறத்தாழ 1/30 நொடி ஆகிறது. மேல் வரியைப் படிக்கும்போது இருந்த சிறகு கீழ் வரிக்கு வரும்போது வேறு இடத்தில் இருக்கும். ஷட்டர் 1/4000 என்று வைத்தாலும் இது மாறாது, ஒவ்வொரு வரியும் தனித்தனியாகக் கூர்மை, சேர்த்தால் வளைவு. பறக்கும் குருவிக்கு மெக்கானிக்கல் ஷட்டர் போடுங்கள், 15 ஃப்ரேம் போதும். நிக்கான் இசட்8, சோனி ஏ1 போன்ற அடுக்கு சென்சார்கள் 4 மில்லி நொடி அளவில் படித்துவிடுகின்றன. சோனி ஏ9 III-இல் எல்லா வரியும் ஒரே நேரம், வளைவே கிடையாது.

எலெக்ட்ரானிக்கால் ஒரு பெரிய உபயோகம் முன்பதிவுப் பிடிப்பு. குருவி கிளையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்து விரல் அழுத்த கால் நொடி ஆகிவிடும், அதற்குள் ஃப்ரேமில் குருவி இருக்காது. பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் கேமரா தொடர்ந்து எடுத்துப் பழையதை அழித்துக்கொண்டே வரும். முழுதாக அழுத்தியதும் முந்தைய அரை நொடி, ஒரு நொடி சேமிப்பாகும். இசட்8, இசட்9-இல் இது ஜேபெக் மட்டும், அதனால் எக்ஸ்போஷரை முன்பே சரிபார்த்துவிடுங்கள். ஓஎம்-1-இல் பிறகு திருத்த இடம் தரும் ரா கோப்பு கிடைக்கும். பறக்கப் போகும் திசையில் இடம் விட்டு ஃப்ரேம் வையுங்கள். குருவி உங்களை நோக்கியோ விலகியோ பறந்தால் 4 செ.மீ. ஆழத்தை முதல் ஃப்ரேமிலேயே தாண்டிவிடும். குறுக்கே பறக்கும் குருவிக்குத்தான் வாய்ப்பு.

ஈரக்காற்று | 28 டிசம்பர், இரவு 9:10

1/1600, முன்பே ஃபோகஸ், இரண்டு பட்டன், காலை எட்டு மணிக்குள். இந்த வாரம் பத்துக்கு ஏழு நல்ல படம். ஆனால் 6 மீட்டருக்கு எப்படி நெருங்குவது? நான் ஓரடி வைத்தால் அது பத்தடி போகிறது. கூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் திரும்பத் திரும்ப வருகிறது.

முள்வேலி | 28 டிசம்பர், இரவு 9:55

கூட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் குஞ்சு பட்டினி, காகமும் செண்பகமும் உங்களைப் பார்த்தே கூட்டைக் கண்டுபிடிக்கும். போனில் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம்; எதிரி வந்துவிட்டான் என்று அது தீனியை விட்டு அலையும்.

நெருங்குவதை விட்டுவிட்டு உட்காருங்கள். பூத்திருக்கும் முருங்கை, இட்லிப்பூ, செம்பருத்தி எதுவாக இருந்தாலும், முதலில் ஒரு காலை கேமராவைத் தொடாமல் பாருங்கள். தேன்சிட்டு எந்தக் கிளையில் இறங்கி எந்தக் கொத்துக்குப் போகிறது என்று ஒரு வழக்கம் இருக்கும். மறுநாள் விடியும் முன் அதிலிருந்து 5, 6 மீட்டரில், வெயில் முதுகில் படும்படி, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்துவிடுங்கள். மங்கலான நிறச் சட்டை, மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) மேல் லென்ஸ் ஏற்கெனவே அந்தக் கொத்தை நோக்கி. முதல் இருபது நிமிடம் வராது. பிறகு கையைத் தூக்காமல், தலையைத் திருப்பாமல் இருந்தால் உங்களை மறந்துவிடும். கழுத்தை நீட்டி உங்களையே உற்றுப் பார்த்து ஓயாமல் 'ட்சிட் ட்சிட்' என்று கத்தினால் இன்னும் மறக்கவில்லை, ஷட்டரைத் தொடாதீர்கள். அலகை இரண்டு பக்கமும் கிளையில் தேய்த்துத் துடைத்து, இறகைக் கோத ஆரம்பித்ததும் எடுங்கள்.